வெள்ளி அஸ்தமனத்தில் விளக்கேற்றும் கிறிஸ்தவக் குடும்பங்கள்: எதற்காக?

ஒலிவக்கிளை எழுதியது:

போன வெள்ளிக்கிழமை மாலை உறவினர் ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்கு வந்தார். மேசைமேல் இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய இரண்டு அப்பங்கள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், "நீங்கள் எல்லாரும் யூதர்களாகிவிட்டீர்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். நின்றபடியே பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஒன்பது ஆண்டுகளாக எங்கள் குடும்பம் வெள்ளி மாலை முதல் சனி மாலை வரையான ஓய்வுநாளையும், வேதத்தில் லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் உள்ள பண்டிகைகளையும் ஆசரித்து வருகிறது. எங்களை யாரும் வந்து போதித்து மாற்றவில்லை. ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் 1 கொரிந்தியர் 5ஆம் அதிகாரம் வாசித்தோம். "நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து நமக்காகப் பலியிடப்பட்டிருக்கிறாரே" என்று சொன்ன பவுல், அடுத்த வசனத்திலேயே "புளிப்பில்லாத அப்பத்தோடே பண்டிகையை ஆசரிக்கக்கடவோம்" என்கிறார். பஸ்கா என்பது இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் யூதப் பண்டிகை; அந்த நாட்களில் வீட்டில் புளித்தமா இருக்கக்கூடாது. கொரிந்து சபையில் பெரும்பாலோர் புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள். புளித்தமா என்றால் என்ன, அதை ஏன் வீட்டைவிட்டு அகற்றவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு விளக்காமலே புரிந்திருக்கிறது. எனக்கோ முப்பது ஆண்டு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகும் புரியவில்லை. அந்த வெட்கம்தான் தொடக்கம்.

பிறகு லேவியராகமம் 23ஐ எடுத்து வாசித்தோம். அங்கே "யூதருடைய பண்டிகைகள்" என்று எழுதியிருக்கவில்லை. "கர்த்தருடைய பண்டிகைகள்" என்றே இருக்கிறது. அதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் 'மோஏத்': குறித்த வேளை, முன்கூட்டியே நிச்சயித்த சந்திப்பு என்று பொருள். ஆதியாகமம் 1:14இல் சூரியனும் சந்திரனும் எதற்காகப் படைக்கப்பட்டன என்று சொல்லும் இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. வரிசையில் முதலில் நிற்பது வாரந்தோறும் வரும் ஓய்வுநாள். அதன் பின்னரே பஸ்கா, புளிப்பில்லா அப்பம், முதற்பலன், வாரங்களின் பண்டிகை, எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை.

இந்த வரிசையில் சுவிசேஷம் முழுவதும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பஸ்கா காலத்தில் சிலுவை. "மரித்தோரிலிருந்து எழுந்து முதற்பலனானார்" என்று பவுல் எழுதியது, முதற்பலன் நாளில் கர்த்தருக்குப் படைக்கும் முதல் கதிர்க்கட்டை மனதில் வைத்துத்தான். ஐம்பதாம் நாளில் ஆவியானவர் இறங்கினார். பெந்தெகொஸ்தே என்ற கிரேக்கச் சொல்லுக்கே ஐம்பதாவது என்றுதான் பொருள். ஏழாம் மாதத்தில் வரும் கடைசி மூன்று பண்டிகைகளும் இன்னும் நிறைவேறக் காத்திருக்கின்றன என்று நம்புகிறோம். இதையெல்லாம் ஒரு பிரசங்கத்தில் கேட்டால் மறந்துபோகும். ஆண்டுதோறும் கையால் செய்தால் மறக்காது.

பஸ்காவுக்கு முந்தின இரவு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் புளிப்புள்ள துணுக்குகளைத் தேடுவோம். ஓர் ஆண்டு வீடு முழுவதும் தேடி முடித்து, எல்லாம் சுத்தம் என்று நான் சொன்ன பிறகு, எட்டு வயது மகன் தன் பள்ளிப்பையின் அடி உறையைத் திருப்பி உதறினான். ரொட்டித் தூள் கொட்டியது. அவன் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "இது எனக்கே தெரியாமல் இருந்தது, அப்பா" என்றான். மறைவான பாவத்தைப் பற்றி அதைவிடத் தெளிவாக நான் எதையும் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரட்சிப்புக்காக இதைச் செய்யவில்லை. ஞாயிறு ஆராதனைக்கும் போகிறோம். ஆசரிக்காதவர்களைக் குறைவாக நினைக்கவும் இல்லை. கேள்விகளும் எதிர்ப்புகளும் வரட்டும்.

நேர்வழி எழுதியது:

சகோதரரே, உங்கள் மனது நல்லது என்று நம்புகிறேன். ஆனால் இருபது ஆண்டுகளாகச் சபை ஊழியத்தில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் பயம் இருக்கிறது.

கொலோசெயர் 2:16, 17ஐ நீங்கள் எப்படித் தாண்டிப் போகிறீர்கள்? பண்டிகைநாளும் மாதப்பிறப்பும் ஓய்வுநாட்களும் "வருங்காரியங்களுக்கு நிழலாயிருக்கிறது, அவைகளின் பொருள் கிறிஸ்துவைப்பற்றினது" என்று எழுதியிருக்கிறது. ஆள் வந்துவிட்ட பிறகு நிழலை ஏன் கட்டிப்பிடிக்கவேண்டும்? கலாத்தியரைப் பார்த்து "நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் வருஷங்களையும் பார்க்கிறீர்களே" என்று பவுல் கதறுகிறார், தாம் பட்ட பிரயாசம் வீணாய்ப்போயிற்றோ என்று அஞ்சுகிறார். எருசலேமில் அப்போஸ்தலர் கூடி, புறஜாதி விசுவாசிகளுக்கு வேண்டியவை இவை என்று நான்கு காரியங்களை எழுதி அனுப்பினார்கள் (அப்போஸ்தலர் 15). அந்த நான்கில் ஓய்வுநாள் இல்லை, பண்டிகையும் இல்லை.

இன்னொன்று. பஸ்காவை ஆசரிக்கிறோம் என்கிறீர்கள். யாத்திராகமம் 12:48 என்ன சொல்கிறது? விருத்தசேதனமில்லாத ஒருவனும் அதைப் புசிக்கக்கூடாது என்கிறது. ஆட்டுக்குட்டி எங்கே? ஆலயம் எங்கே? உபாகமம் 16இன்படி கர்த்தர் தெரிந்துகொண்ட ஸ்தானத்துக்கு அல்லவா போகவேண்டும்? நியாயப்பிரமாணத்தில் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. கலாத்தியர் 5:3 அதைத்தான் எச்சரிக்கிறது.

ஒலிவக்கிளை எழுதியது:

ஐயா, கடைசியில் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் வலுவான கேள்வி. நீங்கள் சொல்வது சரி. கி.பி. 70இல் ஆலயம் இடிந்த பிறகு, மோசே கட்டளையிட்ட விதமாகப் பஸ்காவை யாராலும் ஆசரிக்க முடியாது, யூதராலும் முடியாது. நாங்கள் செய்வது நினைவுகூருதல். "ஆசரிக்கிறோம்" என்ற சொல்லைக் கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்திவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

கொலோசெயரைப் பற்றி: "ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக" என்பதுதான் அந்த வசனத்தின் கட்டளை. ஆசரிக்கவில்லை என்று குற்றப்படுத்தினார்களா, ஆசரிக்கும் விதத்தைக் குற்றப்படுத்தினார்களா என்பதில் வேத அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எப்படி எடுத்துக்கொண்டாலும் இரு பக்கத்தாருக்கும் அது கவசம். கலாத்தியர் கடிதத்திலோ, கட்டாய விருத்தசேதனம்தான் பிரச்சினையின் மூலம். அதே பவுல் புளிப்பில்லா அப்பப் பண்டிகை முடிந்த பிறகே பிலிப்பியிலிருந்து கப்பலேறினார், பெந்தெகொஸ்தேக்குள் எருசலேம் போய்ச் சேர அவசரப்பட்டார் என்று அப்போஸ்தலர் 20 சொல்கிறது. நாட்காட்டியையே வெறுத்தவர் அப்படிப் பயணம் செய்திருக்கமாட்டார்.

நிழல் என்கிறீர்கள். என் தகப்பனார் வீட்டு வாசலை எட்டும்போது அவருக்கு முன்னால் அவர் நிழல் உள்ளே விழும். நிழலைக் கண்டுதான் நாங்கள் ஓடுவோம். அவர் உள்ளே வந்த பிறகு நிழலைத் தேடியதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அவர் இன்னொரு முறை வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கும்போது, வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது தவறா?

பழஞ்சுவடி எழுதியது:

வேதவசனச் சண்டைக்குள் நான் வரவில்லை. திருச்சபை வரலாறு படிப்பவன். இது ஏதோ நேற்று முளைத்த பழக்கம் என்று பலரும் நினைப்பதால் சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

இரண்டாம் நூற்றாண்டில் ஆசியா மைனர் சபைகள் நிசான் மாதம் 14ஆம் தேதியிலேயே, அதாவது யூதர்களின் பஸ்கா நாளிலேயே, கிறிஸ்துவின் பஸ்காவைக் கொண்டாடின. அது எந்தக் கிழமையில் வந்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. ஸ்மிர்னா சபையின் பொலிக்கார்ப்பு முதியவயதில் ரோமாபுரிக்குப் போய் அனிசேத்துஸ் என்ற ஆயரோடு இதைப் பற்றிப் பேசினார். ஒருவரையொருவர் சம்மதிக்கவைக்க முடியவில்லை. ஆனாலும் ஒன்றாகத் திருவிருந்து எடுத்துச் சமாதானமாகப் பிரிந்தார்கள். ஏறத்தாழ 190இல் ரோமாபுரியின் ஆயர் விக்டர் அந்தச் சபைகளை ஐக்கியத்திலிருந்து விலக்க முயன்றபோது, எபேசுவின் ஆயர் பொலிக்கிராத்தெஸ் தம் முன்னோர் அனைவரும் அந்த நாளைத்தான் கைக்கொண்டார்கள் என்று பதில் எழுதினார். 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், யூதர்களின் கணக்கைச் சாராமல் எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடவேண்டும் என்று முடிவுசெய்தது. உயிர்த்தெழுதல் ஞாயிறும் யூதரின் பஸ்காவும் இன்று விலகி விலகி வருவதற்கு வேர் அங்கே இருக்கிறது. 2024இல் மேற்கத்திய சபைகளின் உயிர்த்தெழுதல் ஞாயிறு மார்ச் 31. பஸ்கா தொடங்கியது ஏப்ரல் 22 மாலை. மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி.

அதே நேரம், நேர்வழி ஐயாவின் பக்கத்திலும் பழைமை உண்டு. ஞாயிறு ஆராதனையை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கண்டுபிடித்தார் என்று ஓய்வுநாள் ஆதரவாளர்கள் சிலர் எழுதுவது தவறு. இரண்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், விசுவாசிகள் ஞாயிறுதோறும் கூடுவதை விவரித்திருக்கிறார். கான்ஸ்டன்டைன் 321இல் செய்தது, அந்த நாளை நகரவாசிகளுக்கு அரசாங்க ஓய்வுநாளாக்கியது. பயிர் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது.

மக்கள் மட்டும் எளிதில் விட்டுவிடவில்லை. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கத்தின் 29ஆம் விதி, கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளில் சும்மா இருந்து யூதரைப்போல நடக்கக்கூடாது என்று தடுத்தது. 386, 387 ஆண்டுகளில் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம், தம் சபையார் யூதர்களின் எக்காளப் பண்டிகைக்கும் கூடாரப் பண்டிகைக்கும் போவதைக் கடுமையாகத் தாக்கிப் பிரசங்கித்தார். யாரும் போகாதிருந்தால் அந்தப் பிரசங்கங்களுக்குத் தேவையே இருந்திருக்காது. (அவர் யூதர்களைப் பற்றிப் பயன்படுத்திய சொற்கள் பிற்காலத்தில் எவ்வளவு தீங்குக்குப் பயன்பட்டன என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.)

எத்தியோப்பியாவை மறந்துவிடவேண்டாம். அங்கே 14ஆம் நூற்றாண்டில் எவோஸ்தாதேவோஸ் என்ற துறவி, சனி, ஞாயிறு இரண்டையும் பரிசுத்தமாகக் கொள்ளவேண்டும் என்று போராடி நாட்டைவிட்டே போகவேண்டியதாயிற்று. அவர் இறந்து ஒரு நூற்றாண்டு கழித்து, 1450இல் பேரரசர் ஸரா யாக்கோப் கூட்டிய சங்கம் அவருடைய சீடர்களின் கோரிக்கையை ஏற்றது. அந்தத் திருச்சபை இன்றும் இரண்டு நாளையும் மதிக்கிறது.

புதியவள் எழுதியது:

இதையெல்லாம் முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன். ஏழாம் நாள் அட்வெந்து சபையார்தான் சனிக்கிழமை ஆராதிப்பவர்கள் என்று மட்டும் தெரியும். அவர்களும் பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் கொண்டாடுகிறார்களா?

பழஞ்சுவடி எழுதியது:

இல்லை. ஓய்வுநாளை ஆசரிப்பவர்களும் பண்டிகைகளை ஆசரிப்பவர்களும் ஒரே கூட்டம் அல்ல. பத்துக் கட்டளைகளில் உள்ளது என்பதால் ஏழாம் நாளை மட்டும் கைக்கொள்பவர்கள் ஒரு வகை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடங்கி, 1671இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் சபை அமைத்த ஏழாம் நாள் பாப்திஸ்துகளும், 1863இல் அமைப்பான அட்வெந்து சபையும் இதில் சேரும். ஆண்டுப் பண்டிகைகள் சிலுவையோடு முடிந்தன என்பது அட்வெந்து சபையின் போதனை.

பண்டிகைகளையும் சேர்த்துக் கைக்கொள்பவர்களில் ஹெர்பர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் நடத்திய உலகளாவிய தேவசபை 20ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்றது. அவர் 1986இல் இறந்த பின் அந்தச் சபை தன் போதனையை மாற்றிக்கொண்டது. 1995இல் ஓய்வுநாளும் பண்டிகைகளும் கட்டாயமல்ல என்றானபோது பலர் பிரிந்து தனிச் சபைகள் அமைத்தார்கள். இயேசுவை மேசியாவாக ஏற்கும் யூதர்கள் தங்கள் பிறப்புரிமையாகவே பண்டிகைகளைக் கொண்டாடுகிறார்கள், அது வேறு. ஒலிவக்கிளை குடும்பத்தைப்போல எந்த அமைப்பிலும் சேராமல், வீட்டளவில் வேதத்தின் எபிரெய வேரைத் தேடுபவர்கள் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறார்கள்.

அண்டைவீடு எழுதியது:

என் மூத்த சகோதரி ஒரு யூதரை மணந்தவர். அந்தக் குடும்பத்தோடு பதினைந்து ஆண்டுகளாகப் பழகுகிறேன். ஒருவரும் யூதர்களின் பக்கத்திலிருந்து பேசாததால் எழுதுகிறேன்.

பல கிறிஸ்தவ வீடுகளில் "இயேசு செய்த பஸ்கா விருந்து" என்று நான்கு கிண்ணங்கள், ஒளித்துவைத்த அப்பத்துண்டு, வரிசையான ஜெபங்கள் என்று நடத்துகிறார்கள். அந்த ஒழுங்கின் பெரும்பகுதி ஆலயம் அழிந்த பிறகு ரபீக்கள் என்ற யூத வேத போதகர்கள் அமைத்தது. பலியிட ஆலயம் இல்லாமல்போன ஒரு சமூகம், தன் நினைவு அழியாதிருக்க மேசையைச் சுற்றிக் கட்டிய ஏற்பாடு. ஏறக்குறைய 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டநூலில்தான் அதன் சட்டகம் நமக்குக் கிடைக்கிறது. அதை எடுத்து, மூன்று அப்பங்கள் திரித்துவம், ஒளித்துவைத்த துண்டு கல்லறை என்று விளக்கும்போது என் அத்தானின் தாயார் முகம் வாடியதைப் பார்த்திருக்கிறேன். "எங்கள் வீட்டுக்குள் வந்து, எங்கள் மேசையில் உட்கார்ந்து, இதன் அர்த்தம் உங்களுக்கே தெரியாது என்கிறார்கள்" என்றார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் உயிர்த்தெழுதல் வாரம் யூதர்களுக்கு அச்சத்தின் வாரம். 1144இல் இங்கிலாந்தின் நார்விச்சில் ஒரு சிறுவன் இறந்ததற்கு யூதர்கள்மேல் சுமத்தப்பட்ட பொய்ப்பழி பின்னர் ஊர் ஊராகப் பரவியது. ஸ்பெயினில் கட்டாயத்தால் கிறிஸ்தவரான யூதர்கள் இரகசியமாகத் தங்கள் பழைய மார்க்கத்தைக் கைக்கொள்கிறார்களா என்பதைத் திருச்சபையின் விசாரணை மன்றம் எப்படிக் கண்டுபிடித்தது தெரியுமா? வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுகிறார்களா, சனிக்கிழமை வெளுத்த துணி உடுத்துகிறார்களா என்று அண்டைவீட்டாரை உளவு சொல்லச் சொன்னது. ஒலிவக்கிளை அவர்களே, உங்கள் மேசைமேல் எரியும் அந்த இரண்டு விளக்குக்காக, கிறிஸ்துவின் பெயரால் மனிதர்களைத் தண்டித்திருக்கிறார்கள், எரித்தும் இருக்கிறார்கள். விளக்கேற்றாதீர்கள் என்று சொல்லவில்லை. ஏற்றும்போது அதை அறிந்து ஏற்றுங்கள்.

யூத மார்க்கத்தில் புறஜாதியாருக்கு ஓய்வுநாள் கடமை இல்லை. அது இஸ்ரவேலுக்கும் கர்த்தருக்கும் இடையிலான அடையாளம் என்று யாத்திராகமம் 31 சொல்கிறது. ஆகவே தோளில் ஜெபச் சால்வை போட்டுக்கொண்டு, எக்காளக் கொம்பை ஊதிப் படம் எடுத்துப் பரப்புவது அவர்களுக்கு மரியாதையாகத் தெரிவதில்லை.

ஒலிவக்கிளை எழுதியது:

சகோதரி, ஸ்பெயின் விவரம் எனக்கு இதுவரை தெரியாது. நேற்று இரவு உங்கள் பதிவை வீட்டில் வாசித்தேன். மகள் எழுந்து போய்விட்டாள். பிறகு வந்து, "நாம் இதை யாரிடமிருந்து வாங்கினோம் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்று கேட்டாள். சொல்லப்போகிறோம்.

எங்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் நானும் மூன்று அப்பத்தைத் திரித்துவம் என்று விளக்கியவன்தான். இப்போது அந்த விருந்தொழுங்கை நடத்துவதில்லை. புளிப்பில்லா அப்பம், கசப்பான கீரை, யாத்திராகமம் 12, யோவான் 13 முதல் 17 வரை வாசிப்பு, அவ்வளவுதான். ஒரு யூதக் குடும்பம் அழைத்தால் அவர்கள் மேசையில் விருந்தினராக உட்காருவது வேறு.

கூடாரத்துப்பிள்ளை எழுதியது:

நான் இப்படி ஒரு சபையில் பிறந்து வளர்ந்தவள். சபையின் பெயர் வேண்டாம். ஏழு பண்டிகையும், வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வும் எங்களுக்குக் கட்டளை. எங்கள் மேடையில் "நினைவுகூருதல்" என்ற சொல்லை நான் கேட்டதில்லை. "கைக்கொள்ளாதவன் உள்ளே வரமாட்டான்" என்பதைத்தான் கேட்டேன்.

அப்பா சனிக்கிழமை வேலைக்குப் போகமாட்டார் என்பதால் இரண்டு வேலைகளை இழந்தார். அதை அவர் பெருமையாகவே தாங்கினார், அதற்காக அவரை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் மூன்றாவது வேலை கிடைத்து, குடும்பம் பசியாற ஒரே ஒரு சனிக்கிழமை போனார். அடுத்த வாரம் சபை நடுவே எழுந்து நிற்கவைத்தார்கள். அப்பாவின் கை நடுங்கியதை முன்வரிசையிலிருந்து பார்த்தேன். எனக்குப் பதினொரு வயது.

மாதம் எப்போது பிறக்கிறது என்பதில் சபை இரண்டாக உடைந்தது. கணக்கிட்ட யூத நாட்காட்டியைப் பின்பற்றவேண்டும் என்று ஒரு பக்கம், கண்ணால் பிறையைப் பார்த்தும் இஸ்ரவேலில் வாற்கோதுமை கதிர்விட்டதை விசாரித்தும்தான் தீர்மானிக்கவேண்டும் என்று மறுபக்கம். ஒரே ஆண்டில் இரண்டு பாவநிவாரண நாள். உபவாசம் இருந்த இரு கூட்டமும் ஒன்றையொன்று சபித்தன.

ஆனால் இதையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். கூடாரப் பண்டிகை வாரம்தான் என் சிறுவயதின் மிக மகிழ்ச்சியான நாட்கள். தழைக் கூரை. அதன் இடுக்கில் நட்சத்திரம் தெரியவேண்டும் என்று யூத மரபைச் சொல்லி அப்பா ஒரு கிளையை இழுத்து விலக்குவார். ஏழு இரவும் அவர் எங்கள் பக்கத்தில்தான் படுத்திருந்தார், எங்கும் போகவில்லை. சபையைவிட்டு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் வெள்ளிக்கிழமை வெளிச்சம் மங்கும்போது என் உடம்பு தானாக அடங்குகிறது.

ஒலிவக்கிளை ஐயாவிடம் இரண்டு கேள்விகள். நீங்கள் இன்று "கட்டாயம் இல்லை" என்கிறீர்கள். உங்கள் மகன் ஒருநாள் வேண்டாம் என்றால்? இரண்டாவது, உங்கள் மேசைமேல் இருந்த அந்த இரண்டு அப்பத்தை யார் சுட்டார்கள்? எங்கள் வீட்டில் ஓய்வுநாள் என்றால் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை இரட்டை வேலை. அஸ்தமனத்துக்குள் சமைத்து, துடைத்து, துவைத்து முடித்துவிட்டு விளக்கேற்றும்போது அவள் கண்ணை மூடி ஜெபித்தாள் என்று நினைத்திருந்தேன். நின்றபடியே தூங்கியிருக்கிறாள்.

நேர்வழி எழுதியது:

மகளே, உன் தகப்பனாரை எழுந்து நிற்கவைத்ததைப் படித்தபின் வெகுநேரம் எதுவும் எழுதமுடியவில்லை. கலாத்தியர் நிருபத்தை எடுத்து நான் பயந்தது இதற்குத்தான்.

ஆனால் நியாயமாக இதையும் சொல்லவேண்டும். ஞாயிறு ஆராதனைக்கு வராத ஒருவரை நானும் பிரசங்க மேடையிலிருந்து பெயர் சொல்லாமல், எல்லாருக்கும் புரியும்படி கடிந்திருக்கிறேன். அன்று அவர் மனைவி தலை நிமிரவில்லை. நாள் எதுவானாலும் மனிதனை நசுக்கும் கருவியாக அதை மாற்றமுடியும் என்று இப்போது புரிகிறது. "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்று ஆண்டவர் சொன்னது இரண்டு நாளுக்கும் பொருந்தும்.

ஒலிவக்கிளை அவர்களே, ரோமர் 14:5ஐ உங்களுக்குத் தருகிறேன்: "அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்." உங்களோடு நான் இன்னும் உடன்படவில்லை. குற்றப்படுத்தவும் இல்லை.

ஒலிவக்கிளை எழுதியது:

ஐயாவுக்கு நன்றி. பொலிக்கார்ப்பும் அனிசேத்துஸும் பிரிந்ததுபோல நாமும் இருப்போம்.

சகோதரி, முதல் கேள்விக்கு என் பதில்: மகள் ஏற்கெனவே அந்த வாசலில் நிற்கிறாள். சென்ற மாதம் அவளுக்கு ஒரு முக்கியமான தேர்வு சனிக்கிழமை வந்தது. அமெரிக்காவில் ஆடெல் ஷெர்பர்ட் என்ற ஆலைத் தொழிலாளி, சனிக்கிழமை வேலைசெய்ய மறுத்ததற்காக நீக்கப்பட்டு, உதவித்தொகையும் மறுக்கப்பட்டு, 1963இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற கதையை நானே அவளுக்குச் சொல்லி வளர்த்தவன். அவள் தேர்வெழுதப் போகட்டும் என்று சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. போனாள். நான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. அந்த மௌனம் என்னுடைய தவறு. கோபமில்லை என்று நான் அவளிடம் வாய்திறந்து சொல்லியிருக்கவேண்டும். இன்று மாலை சொல்வேன்.

இரண்டாவது கேள்வியை என்னிடம் கேட்டது சரியல்ல. பதில் தெரிந்தவரிடம் கொடுக்கிறேன்.

ஒலிவக்கிளை எழுதியது:

இதை எழுதுவது அவருடைய மனைவி. அவர் கணக்கிலிருந்தே எழுதுகிறேன்.

அப்பம் நான்தான் சுட்டேன், முதல் இரண்டு ஆண்டுகள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மாவு பிசைந்து, வேலைக்குப் போய்த் திரும்பி, இரண்டு நாள் சாப்பாட்டைச் சமைத்து, வீட்டைக் கழுவி, அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது புடவை மாற்றிக்கொண்டு வருவேன். அவர் அழகாக வேதம் வாசிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை உபாகமம் 5ஆம் அதிகாரம் வாசித்தார். நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, எருது, கழுதை, வாசலில் இருக்கும் அந்நியன் வரைக்கும் யாரும் வேலை செய்யக்கூடாது என்று வந்தது. "இதில் மனைவி எங்கே?" என்று கேட்டேன். "நீ என்பதில் மனைவியும் அடக்கம்" என்றார். "அப்படியானால் நீ என்பதில் அடங்கிய இன்னொருவர் வெள்ளிக்கிழமை எங்கே இருக்கிறார்?" என்று கேட்டுவிட்டு அழுதேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

அன்றிலிருந்து மாறியது. இப்போது அப்பம் வெளியில் வாங்குகிறோம். மன்னா இரட்டிப்பாய்க் கிடைத்ததன் நினைவாகத்தான் இரண்டு அப்பம். பாலைவனத்தில் அது வானத்திலிருந்துதான் வந்தது. சமையல் வியாழன் இரவு, நால்வரும் சேர்ந்து. வீடு கழுவுவது அவரும் மகனும். கழுவாமல் விட்ட வாரமும் உண்டு. அந்த வாரமும் ஓய்வுநாள் வந்தது. சனிக்கிழமை பாத்திரம் அப்படியே கிடக்கும். அதைப் பார்க்காமல் இருக்கப் பழக எனக்கு ஓராண்டு ஆயிற்று.

எதற்காக இதைச் செய்கிறோம் என்ற கேள்விக்கு அவர் வசனம் எழுதினார். எனக்கு எகிப்து போதும். யாத்திராகமத்தில் சிருஷ்டிப்பைக் காரணமாகச் சொன்ன அதே கட்டளைக்கு, உபாகமம் அடிமைத்தனத்தைக் காரணமாகச் சொல்கிறது. நீ அடிமையாயிருந்தாய், இனி அல்ல. என்னிடம் வேலை வாங்குகிறவர்கள் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. வாரத்தில் ஒரு மாலை, தொலைபேசியை இழுப்பறையில் போட்டுப் பூட்டும்போது அந்தச் சத்தத்தில் அதைக் கேட்கிறேன்.

கூடாரத்துப்பிள்ளை, உங்கள் அம்மா இருக்கிறார்களா?

கூடாரத்துப்பிள்ளை எழுதியது:

இருக்கிறார்கள், அக்கா. தனியாக இருக்கிறார்கள். இன்னும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றுகிறார்கள், சபை உடைந்துபோன பிறகும். நாளை மறுநாள் வெள்ளி. மதியமே போய்விடுகிறேன். சமைத்து எடுத்துக்கொண்டு போகிறேன்.